கடனும் வேலையும் கலவாதிருக்கட்டும்
சிறிய சாமான் இடமாற்ற நிறுவனங்களில் கொத்தடிமை முறை நுழையாமல் காக்கும் வழிகள்

பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்து மீண்டும் வகுப்புகள் தொடங்கும் வரையிலான கோடை மாதங்களில், இந்திய நகரங்களில் வீடு மாறுவோரின் எண்ணிக்கை பெருகுகிறது. அரசு அலுவலர்கள், வங்கி ஊழியர்கள், தனியார் நிறுவனப் பணியாளர்கள் எனப் பலரும் இடமாறுதல் ஆணையோடு ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் புறப்படுகின்றனர். அவர்களுடைய கட்டிலையும் பீரோவையும் குளிர்சாதனப் பெட்டியையும் பிரித்துக் கட்டி, மாடிப்படிகளில் இறக்கி, லாரியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மீண்டும் மாடியேற்றி வைப்பவர்கள், 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டிய நிறுவனங்களின் தொழிலாளர்கள்.

இந்நிறுவனங்களில் பல மிகச் சிறியவை. ஓர் உரிமையாளர், ஒன்றோ இரண்டோ லாரிகள், வாடகைக் கிடங்கு ஒன்று, ஆறு முதல் பத்துத் தொழிலாளர்கள், அவ்வளவே. லாரி பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கியதாக இருக்கும். உரிமையாளரே காலையில் விலை பேசுவார், மாலையில் மூட்டை கட்டவும் கைகொடுப்பார். இத்தகைய ஒருவரிடம் 'அடிமை முறை' என்று சொன்னால், அது தமக்குத் தொடர்பில்லாத செய்தி என்றே அவர் எண்ணுவார். சாட்டையும் சங்கிலியும் அவருடைய கிடங்கில் இல்லை என்பது உண்மைதான். ஆயினும், இந்தியச் சட்டம் கொத்தடிமை முறையை அடையாளம் காணும்போது சங்கிலியைத் தேடுவதில்லை, கடனைத் தேடுகிறது. அந்தக் கடன் தொழிலாளியின் காலைக் கட்டுகிறதா என்று பார்க்கிறது. நல்ல மனத்தோடு கொடுத்த முன்பணமும், கணக்கு வைக்காத கூலியும், விசாரிக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு தரகரும் சேர்ந்தால், உரிமையாளர் அறியாமலேயே அந்நிலை உருவாகிவிடக்கூடும். அதனைத் தடுக்கும் வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

அரசியலமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனிதர்களை வணிகப் பொருளாக்குவதையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. அதன் வழியில் இயற்றப்பட்டது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம். அண்மையில் தொழிலாளர் சட்டங்கள் பல நான்கு தொகுப்புகளாக ஒன்றிணைக்கப்பட்டபோதும், இச்சட்டம் அவற்றில் கலக்காமல் தனியே நிலைபெற்றுள்ளது.

இச்சட்டத்தின்படி, கடன் அல்லது முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் நான்கில் ஏதேனும் ஒன்றை இழந்தாலும் அது கொத்தடிமை முறையாகும். கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க நேர்வது ஒன்று. வேறு வேலைக்குச் செல்லும் உரிமையை இழப்பது இரண்டாவது. நாட்டின் எப்பகுதிக்கும் விருப்பம்போல் சென்றுவரும் உரிமையை இழப்பது மூன்றாவது. தம் உடைமையையோ உழைப்பின் பயனையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பது நான்காவது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழான எந்தத் தொகையும் பெயரளவுக் கூலியே என்பது சட்டத்தின் விளக்கம்.

1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணியாளர்கள் தொடர்பான வழக்கில், நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. ஒருவரை அடித்து வேலை வாங்குவது மட்டும் கட்டாயமன்று; பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்துவிடுவதும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர், ஹரியானாவின் பரீதாபாத் பகுதிக் கல்குவாரித் தொழிலாளர்கள் தொடர்பான பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், ஒருவர் கட்டாய உழைப்பில் இருப்பது தெரியவந்தால் அதற்குப் பின்னால் ஒரு முன்பணம் இருப்பதாகவே நீதிமன்றம் கருதும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இதில் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி கூறினால், அது அத்தகையதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும். தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும். கையில் கணக்கு இல்லாத உரிமையாளர், உண்மையில் தவறு செய்யாதவராயினும், அதனை மெய்ப்பிக்க வழியின்றி நிற்பார்.

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 4 கோடியே 96 லட்சம் பேர் நவீன அடிமை நிலையில் இருந்ததாகவும், அவர்களுள் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்ததாகவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டுள்ளது. கடன் கட்டு, கூலியை நிறுத்திவைத்தல், அடையாள ஆவணங்களைப் பறித்து வைத்தல், நடமாட்டத்தைத் தடுத்தல், ஏமாற்றுதல், அளவுகடந்த கூடுதல் நேர வேலை ஆகியன அவ்வமைப்பு வரையறுத்த பதினோரு அறிகுறிகளுள் அடங்கும்.

இத்தொழிலில் அது நுழையும் வழி

சாமான் இடமாற்றத் தொழிலின் இயல்பிலேயே சில இடர்கள் உள்ளன. வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. கோடையில் ஒரே நாளில் மூன்று வீடுகள். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒன்று. கோடைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக உரிமையாளர் ஒரு தரகரையோ மேஸ்திரியையோ நாடுகிறார். அவர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து ஆட்களை அழைத்து வருகிறார். ஊரை விட்டுப் புறப்படும்போதே குடும்பச் செலவுக்கென ஒரு தொகை முன்பணமாகக் கைமாறுகிறது.

இந்த வழக்கம் புதிதன்று. மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா மாவட்டங்களில், நுவாகாய் அறுவடைத் திருவிழாவை ஒட்டி முன்பணம் கொடுத்து, செங்கல் சூளைகளுக்குக் குடும்பங்களை அழைத்துச் செல்லும் 'தாதன்' முறை நெடுங்காலமாக அறியப்பட்டது. சூளைக்குப் பொருந்தும் அதே கணக்கு, நகரத்துக் கிடங்குக்கும் பொருந்தும்.

இத்தொழிலுக்கே உரிய வேறு மூன்று கூறுகளும் உண்டு. முதலாவது, உடைப்பு. கண்ணாடி மேசையோ தொலைக்காட்சிப் பெட்டியோ உடைந்தால், வாடிக்கையாளர் பில் தொகையில் கழிக்கிறார்; உரிமையாளர் அதனைத் தொழிலாளியின் கணக்கில் ஏற்றுகிறார். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் விலை ஒருவரின் ஒரு மாதக் கூலியை விழுங்கிவிடும். இரண்டாவது, தங்குமிடம். தொழிலாளர்கள் கிடங்கிலேயே உறங்குகின்றனர். இரவில் கிடங்கு வெளியே பூட்டப்படுமானால், பொருளுக்கான காவல் மனிதருக்கான சிறையாகிவிடும். மூன்றாவது, தொலைவு. மொழி தெரியாத ஊரில் இறங்கும் தொழிலாளியிடம் ஊதியமும் இல்லை, ஆதார் அட்டையும் இல்லையென்றால், அவர் லாரியை விட்டு எங்கும் போக முடியாது.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் கற்பனை, முறை கற்பனையன்று. ஒரு தொழிலாளி 40,000 ரூபாய் முன்பணம் பெற்று வருகிறார். மாதக் கூலி 12,000 ரூபாய் என்று பேச்சு. முன்பணத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டி.

மாத இறுதியில் கழிவுகள் தொடங்குகின்றன. உணவுக்கு 3,500, தங்குமிடத்துக்கு 1,000, உடைப்புக்கு 1,500, தரகருக்கு 1,500. ஆகக் கழிவு 7,500 ரூபாய். எஞ்சும் 4,500 ரூபாயில் வட்டி 1,200 போக 3,300. ஊரில் உள்ள குடும்பத்துக்கு 3,000 அனுப்பினால், அசலில் வரவு வைக்கப்படுவது 300 ரூபாய் மட்டுமே.

வட்டி தொடக்க அசலின் மீதே தொடரும் என்றால், 40,000 ரூபாய் கடன் தீர 133 மாதங்களுக்கு மேலாகும். அதாவது, பதினோரு ஆண்டுகள். இடையில் ஒரு மருத்துவச் செலவோ ஒரு திருமணமோ வந்தால் கடன் மீண்டும் ஏறும். இங்கு எவரும் எவரையும் அடிக்கவில்லை. எவரும் தம்மைக் கொடியவராக எண்ணவுமில்லை. எனினும், 12,000 ரூபாய்க் கூலியில் 9,000 ரூபாய் பிடித்தமாகவே போய்விடுகிறது. அந்த 12,000 ரூபாயே மாநிலம் அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ் இருக்குமானால், குற்றம் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

முன்பணம் கொடுக்கவே கூடாதா?

முன்பணம் கேட்கும் தொழிலாளியின் தேவை உண்மையானது. மழைக்கு முன் கூரை வேய வேண்டும். பிள்ளைக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். முன்பணம் அளிப்பதைச் சட்டம் தடை செய்யவில்லை. கடன் தீரும்வரை போகக்கூடாது என்ற நிபந்தனையையே தடை செய்கிறது.

ஆகவே, உரிமையாளர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'நாளைக் காலை இவர் வேலையை விட்டுச் செல்வதாகச் சொன்னால், நான் என்ன செய்வேன்?' உழைத்த நாட்களுக்குக் கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்து, ஆவணங்களைத் திருப்பியளித்து அனுப்புவேன் என்பது விடையானால், கொடுத்தது முன்பணம். பாக்கியைக் கட்டிவிட்டுப் போ என்பது விடையானால், கொடுத்தது விலங்கு.

ஊதியத் தொகுப்புச் சட்டம், 2019, கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழிலாளர் எண்ணிக்கை எவ்வளவு குறைவாயினும் எல்லா நிறுவனங்களுக்கும் அதன் ஊதிய விதிகள் பொருந்தும். அதன்படி, வேலையில் சேர்வதற்கு முன் கொடுத்த முன்பணத்தை முதல் முழு ஊதியக் காலத்தின் ஊதியத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். ஆனால், வேலைக்கு வந்து சேரும் பயணச் செலவுக்கென்று கொடுத்த தொகையைத் திரும்பப் பிடிக்கவே கூடாது. எல்லாக் காரணங்களுக்குமான பிடித்தங்கள் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மேற்கண்ட கணக்கில் முக்கால் பங்கு பிடிக்கப்பட்டதை நினைவுகூர்க.

முன்பணம் அளிக்கும் உரிமையாளர் சில எல்லைகளை வகுத்துக்கொள்வது நலம். தொகை ஒரு மாதக் கூலிக்கு மிகாதிருக்கட்டும். வட்டி வேண்டாம். தொழிலாளி அறிந்த மொழியில் ஒரு தாளில் தொகையும் தவணையும் எழுதி, படித்துக் காட்டி, படி ஒன்றை அவரிடமே கொடுக்க வேண்டும். வெற்றுத்தாளிலோ நிரப்பப்படாத உறுதிப் பத்திரத்திலோ கையெழுத்து வாங்குதல் கூடாது. வேலையை விட்டு நீங்குவதற்கு முன்பணப் பாக்கி தடையாகாது என்ற வரி அத்தாளிலேயே இருக்கட்டும். அதற்கு மேற்பட்ட தொகை தேவைப்படுமாயின், அது வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ அளிக்க வேண்டிய கடன். கூலி கொடுப்பவர் அளிக்க வேண்டியதன்று. கூலி கொடுப்பவரே கடன்காரராகவும் இருக்கும் இடத்தில்தான் கொத்தடிமை முறை வேர்விடுகிறது.

கூலி யார் கைக்குச் செல்கிறது?

மாதக் கூலியை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்ளும், வாரக் கூலியை விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலும், நாட்கூலியை அன்றைய வேலை முடிவிலும் கொடுக்க வேண்டும் என்பது ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் விதி. வேலையை விட்டு நீங்கியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு கூலி. 'கோடை முடிந்து ஊர் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்' என்று கூலியை நிறுத்திவைப்பது, சேமிப்பாகத் தோன்றினாலும் பிணைப்பே ஆகும்.

கூலியைத் தொழிலாளியின் சொந்த வங்கிக் கணக்கில் செலுத்துவது இருவருக்கும் பாதுகாப்பு. ஜன் தன் கணக்கைக் குறைந்தபட்ச இருப்பின்றித் தொடங்கலாம். ஒவ்வொரு வரவும் உரிமையாளருக்குச் சான்றாகிறது. எனினும், வங்கி வழிக் கூலி ஒன்றே போதிய காப்பு என்று எண்ணிவிடலாகாது. ஏடிஎம் அட்டையும் இரகசிய எண்ணும் மேஸ்திரியிடம் இருந்து, கூலி வரவான அன்றே முழுத் தொகையும் எடுக்கப்படுமானால், அக்கணக்கு தொழிலாளியின் பெயரில் இயங்கும் மேஸ்திரியின் கணக்கே. பத்துத் தொழிலாளர்களின் கணக்குகளுக்கும் ஒரே கைபேசி எண் பதிவாகியிருப்பதும் இத்தகைய எச்சரிக்கைக் குறிதான். அட்டை, கடவுச்சொல், குறுஞ்செய்தி வரும் கைபேசி எண் ஆகிய மூன்றும் தொழிலாளியிடமே இருக்க வேண்டும்.

உடைப்பைப் பற்றிச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஒருவரிடம் தனியே ஒப்படைக்கப்பட்ட பொருள், அவருடைய கவனக்குறைவினாலேயே நேரடியாகச் சேதமானால் மட்டுமே பிடித்தம் செய்யலாம். அதற்கு முன் அவர் விளக்கம் கூற வாய்ப்பளிக்க வேண்டும். பிடித்தம் சேதத்தின் அளவைத் தாண்டக் கூடாது. பதிவேட்டில் எழுத வேண்டும். நான்கு பேர் சேர்ந்து தூக்கும் பீரோ படிக்கட்டில் இடித்தால், அதனை ஒருவர் தலையில் கட்டுவது எவ்வாறு முறையாகும்? உடைப்பு இத்தொழிலின் வழக்கமான இடர். அதற்கு உரிய தீர்வு போக்குவரத்துக் காப்பீடு. காப்பீட்டுக் கட்டணத்தை விலைப்புள்ளியிலேயே சேர்த்துக் காட்டும் நிறுவனம், தன் தொழிலாளியின் கூலியைக் காப்பீட்டுத் தொகையாகப் பயன்படுத்த வேண்டிய நிலைக்கு வராது.

தரகரிடம் கேட்க வேண்டியவை

'ஆட்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள். எனக்குத் தெரியாது' என்பது உரிமையாளரைக் காக்கும் சொல்லன்று. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால், நிறுவனத்தின் உரிமையாளரே அதற்குப் பொறுப்பாவார். ஏமாற்றியோ அச்சுறுத்தியோ அடிமை வேலைக்கென ஆளை அழைத்து வருவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின்படி ஆட்கடத்தல் குற்றமாகும். அதற்குக் குறைந்தது ஏழு ஆண்டுகள் கடுங்காவல்.

ஆகவே, ஆள் அனுப்பும் தரகரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. தொழிலாளிக்கு நீர் கொடுத்த முன்பணம் எவ்வளவு? அவரிடமிருந்து தரகு பிடிக்கிறீரா? கூலி எவ்வளவு என்று ஊரில் சொல்லி அழைத்து வந்தீர்? பிறகு இதே கேள்விகளைத் தொழிலாளியிடம் தனியாக, தரகர் இல்லாத இடத்தில், அவர் அறிந்த மொழியில் கேட்க வேண்டும். இரு விடைகளும் ஒத்துவராவிட்டால், அந்தத் தரகரின் தொடர்பைத் துண்டிப்பதே நன்று. தரகுத் தொகையை நிறுவனமே தரட்டும். அது கூலியிலிருந்து கழிக்கப்படலாகாது.

இடைத்தரகரின் பிடியைத் தளர்த்த முடியும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் ஒரு முன்மாதிரி உள்ளது. மூட்டை தூக்குவோரை அங்கு 'மாத்தாடி' என்பர். அவர்களுக்காக 1969இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய முத்தரப்பினரும் இடம்பெறும் வாரியங்கள் அமைந்தன. பதிவு பெற்ற முதலாளி கூலியையும் அதற்கு மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் செலுத்துகிறார். வாரியம் அதனைத் தொழிலாளிக்கு வழங்குகிறது. வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை போன்ற பயன்களும் அவ்வழியே கிடைக்கின்றன. இன்று ஒரு வணிகர், நாளை ஒரு வணிகர் எனச் சுமை மாறினாலும் கூலி வரும் வழி மாறாமல் இருப்பதே இதன் பயன். இத்தகைய வாரியம் இல்லாத மாநிலத்தில் இயங்கும் சிறு நிறுவனமும், கூலியைத் தரகர் கையில் கொடுக்காமல் தொழிலாளிக்கு நேரே கொடுப்பதன் மூலம் இந்தக் கொள்கையைப் பின்பற்றலாம்.

கிடங்கிலும் லாரியிலும் காக்க வேண்டிய ஒழுங்கு

ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகலை மட்டும் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். மூலத்தைப் 'பத்திரமாக' வாங்கி வைக்கும் வழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டும். தங்குமிடத்தின் கதவு உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குடிநீர், கழிப்பறை, காற்றோட்டம் இல்லாத கிடங்கு பொருளுக்கு ஏற்றதாயினும் மனிதருக்கு ஏற்றதன்று. நெடுந்தொலைவுப் பயணத்தில் சுமை ஏற்றிய அதே தொழிலாளர்கள் இரவெல்லாம் சாமான்களின் மேல் அமர்ந்து வந்து காலையில் இறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, விபத்தை அழைப்பதாகும்.

பதினான்கு வயதுக்குட்பட்ட எவரையும் வேலைக்கு அமர்த்துவது குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு அது வழிவகுக்கும். பாரம் தூக்கும் இத்தொழிலில் பதினெட்டு வயது நிறைவடைந்தவர்களை மட்டும், வயதுச் சான்றைப் பார்த்தபின் சேர்ப்பதே முறை. 'அண்ணனோடு வந்த தம்பி' என்று கிடங்கில் தங்கும் சிறுவன் ஒரு வாரத்தில் அட்டைப்பெட்டி ஒட்டத் தொடங்குவதை உரிமையாளர் காணாதது போல் இருக்கக் கூடாது.

நிலைமை தெரியவந்தால்

தம் நிறுவனத்திலேயே ஒருவர் கடனால் கட்டுண்டு இருப்பது தெரியவந்தால், அஞ்சி அவரை ஊருக்கு விரட்டிவிடுவது மிகப் பெரிய தவறு. கூலி பாக்கியோடு துரத்தப்பட்டவர் அடுத்த தரகரிடமே சென்று விழுவார். சட்டப்படி கொத்தடிமைக் கடன் அழிந்துவிட்டது. அதனை நீதிமன்றத்தின் மூலம் வசூலிக்க முடியாது. அழிந்த கடனுக்காக ஒரு தவணை பெறுவதும் தண்டனைக்குரியது. தங்குமிடத்திலிருந்து அவரை வெளியேற்றவும் இயலாது. கூலி பாக்கியைத் தீர்த்து, மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ தெரிவித்தலே சரியான வழி. குழந்தை தொடர்பானதாயின் 1098 என்ற எண்ணையும், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

விடுவிக்கப்பட்டவருக்கு மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். முழு மறுவாழ்வுத் தொகை வயது வந்த ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானோருக்கு மூன்று லட்சம் ரூபாய்.

வங்கியின் பங்கு

1976ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் ஒரு கண்காணிப்புக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அக்குழுவில் நிதி மற்றும் கடன் நிறுவனங்களின் சார்பில் ஓர் உறுப்பினருக்கு இடம் உண்டு. விடுபட்ட தொழிலாளிக்குப் போதிய கடன் கிடைக்கச் செய்வதும் அக்குழுவின் பணிகளுள் ஒன்று. மீண்டவர் மறுபடியும் கைமாற்றுக்குக் கையேந்தினால் மீட்பு நிலைக்காது என்பதை அச்சட்டத்தை எழுதியோர் உணர்ந்திருந்தனர்.

உரிமையாளர்களுக்கும் வங்கியால் பயன் உண்டு. கூலி நிலுவைக்குப் பல இடங்களில் உண்மையான காரணம் கொடுமையன்று. வரவேண்டிய பணம் வராமையே. பெரிய நிறுவனங்களின் ஊழியர்களுக்குச் சாமான் மாற்றிக் கொடுத்த சிறு நிறுவனம், பில் தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் விதி. தாமதித்தால் கூட்டு வட்டியும் உண்டு. இவ்வுரிமையைக் கோருவதோடு, முத்ரா போன்ற திட்டங்களின்கீழ் நடைமுறை மூலதனக் கடன் பெற்று, கூலிக்கான தொகையைத் தனியே ஒதுக்கி வைக்கலாம். வாகனத் தவணை தவறக்கூடாது என்பதில் காட்டும் அக்கறை கூலி நாளிலும் இருக்கட்டும்.

தொழிலாளியைக் கடனுக்குத் தள்ளுவது பெரும்பாலும் விபத்தும் நோயுமே. ஆண்டுக்கு 20 ரூபாய்க் கட்டணத்தில் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கு வழியே கிடைக்கின்றன. பத்துப் பேருக்கு இரண்டையும் சேர்த்துச் செலுத்தினாலும் ஆண்டுக்கு 4,560 ரூபாய்தான். இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை.

சாமான் அனுப்புவோர் கவனிக்க

வீடு மாறும் வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்குண்டு. மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதியாக இருந்தால், அந்தக் குறைவு டீசலிலிருந்தோ சுங்கக் கட்டணத்திலிருந்தோ வந்திருக்க முடியாது. கூலியிலிருந்தே வந்திருக்க வேண்டும். காப்பீடு உண்டா, தொழிலாளர்கள் நிறுவனத்தின் ஆட்களா, கூலி வங்கி வழியே செல்கிறதா என்று கேட்கலாம். வந்தவர்களுள் சிறுவர் இருந்தால் வேலையைத் தொடங்கவிடாமல் நிறுத்தலாம். பொருள் உடைந்தால் எழுத்து மூலம் நிறுவனத்திடம் இழப்பீடு கோருங்கள். எதிரில் நிற்கும் தொழிலாளியின் கூலியில் பிடிக்குமாறு சொல்லாதீர்கள்.

இத்தனை விதிகளையும் ஒரு சிறு உரிமையாளர் நினைவில் வைக்க முடியுமா என்ற ஐயம் எழலாம். மூன்று பதிவுகள் போதும்: யார் எந்நாளில் எத்தனை மணிநேரம் உழைத்தார் என்பதற்கு ஒன்று, அவருக்குச் செலுத்திய கூலிக்கு ஒன்று, கொடுத்த முன்பணத்துக்கும் பிடித்ததற்கும் ஒன்று. குறைந்தபட்சக் கூலி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், அதனை ஆண்டுக்கு இருமுறை தொழிலாளர் துறை அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இம்மூன்று பதிவுகளையும் தொழிலாளி எந்த நாளிலும் புரட்டிப் பார்க்கலாம் என்ற நிலை இருக்குமானால், அந்தக் கிடங்கில் எவரும் கடனுக்காகத் தங்கியிருக்க மாட்டார்கள். கூலி ஒழுங்காகக் கிடைக்கிறது என்பதற்காக அடுத்த கோடையிலும் தாமே வந்து நிற்பார்கள்.